தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

ஆஸ்பத்திரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நர்ஸ் மிஸ்ஸி, பேனாவை மையில் தொட்டுக்கொண்டே, "தாயார் பெயர்?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். எனக்கு ஆங்கிலம் தெரியும். துறைமுகத்தோரம் ஒரு கிட்டங்கியில் அரிசி மூட்டையை நிறுத்துக் கணக்கெழுதுகிற கிராணி நான். கப்பல்காரர்களோடு தினமும் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவன். கேள்வி புரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் பெயரைச் சொன்னேன். மிஸ்ஸி எழுதிக்கொண்டாள். பெற்றவள், என் மனைவி, எனக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி நின்றாள். நான் சொன்ன பெயரைக் கேட்டதும் அவள் மூச்சை இழுத்து விட்டது எனக்குக் கேட்டது. நிம்மதியாக விட்ட மூச்சு அது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம். அது உங்கள் இஷ்டம்.

எங்களுக்கு அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயிருந்தன. மூத்தது நாற்பது நாள்கூட முழுதாக இருக்கவில்லை. அடுத்தது ஏழாம் மாதம், தவழ ஆரம்பித்த வாரத்தில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போயிற்று. இரண்டும் ஆண். மூன்றாவது பெண்ணாகப் பிறந்தபோது, "பொட்டப் பிள்ளைதானே, அது தங்கிடும்" என்று ஆறுதல் சொல்ல வந்த சிலரை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். என் வாய் அப்படி. எங்கள் வீட்டு வரிசையில் என்னோடு முகம் கொடுத்துப் பேசியவர்கள் குறைவு.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் என் வாய்க்குப் பயப்படாதவள். அவளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். நாலு பெற்று, நாலும் கல்லுக்குண்டு மாதிரி தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. பதினோராம் நாள் காலையில் அவள் ஒரு முறத்தில் தவிடு கொண்டுவந்தாள். என் மனைவி குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, முறத்தை வாங்கிக்கொண்டாள். "இந்தா, உன் தவிடு. இனிமே இது என் பிள்ளை" என்று அக்கா நாலு பேர் கேட்கச் சொன்னாள். பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் ஜனங்கள் வழக்கமாகச் செய்வதுதான். எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தேடி வருவது எதுவாக இருந்தாலும், இங்கே எங்களுக்குப் பிள்ளையே இல்லை என்று பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். மூன்று வயது முடிந்த பிறகு, தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அது அக்கா பிள்ளை. நாங்கள் வளர்த்துக்கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

என் மனைவி இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை எங்கள் வீட்டில்தான் தூங்கும், எங்கள் வீட்டில்தான் அழும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பலகைச் சுவரைத் தட்டி, "அக்கா, உங்க பிள்ளை அழுவுது, பால் குடுக்கட்டுமா?" என்று கேட்பாள். அந்தப் பக்கத்திலிருந்து, "குடு, குடு" என்று சத்தம் வந்த பிறகுதான் மடியில் எடுப்பாள். கொஞ்சுவதில்லை. பெயர் வைக்கவில்லை. "எமன் என்ன வீட்டு நம்பர் பார்த்தா வர்றான்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கேலி செய்தேனே தவிர, நானும் ஒரு தடவைகூட 'என் மகள்' என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளாவது நம்பிப் பயந்தாள். நான் நம்பாமலே பயந்தேன். அது இன்னும் கேவலம்.

சுங்கை பினாங்கில் ஆற்றோரப் பலகை வீடு எங்களுடையது. குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்தது. எங்கள் வீட்டிலும் வந்தது. முதல் நாள் அக்கா வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினாள். மறுநாள் ஓமத்தண்ணீர். மூன்றாம் நாள் காலையில் பச்சைத் தண்ணீராகப் போனது. கண் உள்ளே போய்விட்டது. கையைப் பிடித்துத் தோலைக் கிள்ளினால், கிள்ளிய இடம் அப்படியே நின்றது. நான் போட்ட கூச்சலில் வரிசையே வெளியே வந்தது. ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன். ஏறப் போன என் மனைவி, குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கீழே நின்றுகொண்டாள்.

"அக்கா தூக்கிட்டு வரட்டும். அவங்க பிள்ளைதானே" என்றாள்.

ரிக்‌ஷாவில் அக்காவும் குழந்தையும் போக, பெற்றவர்கள் இருவரும் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனோம். பார்த்தவர்கள் எங்களை வேலைக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. சின்ன ஆஸ்பத்திரி, மிஷன்காரர்கள் நடத்தினார்கள். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் யார் மேலும் எனக்குக் குறையில்லை. வயிற்று நோய்ப் பிள்ளைகளுக்கென்று கடைசியில் தனியாக ஒரு வார்டு, சுற்றிலும் கம்பி வலை. தொத்து நோய் என்பதால் பிள்ளையோடு தாய் மட்டும்தான் உள்ளே போகலாம். வேறு யாரும் போகக்கூடாது, வெளியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொண்டுபோகக்கூடாது. நியாயமான சட்டம்தான். பெயரை எழுதி முடித்த மிஸ்ஸி எழுந்து, குழந்தையோடு நின்ற அக்காவின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது.

என் மனைவி சாத்திய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப பாலு?" என்றாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. எமனை ஏமாற்ற ஐந்து மாதம் யோசித்த எங்களுக்கு, குழந்தை எதைக் குடிக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தெரியவில்லை.

வார்டுக்குப் பின்புறம் ஒரு குழாயடி இருந்தது. உள்ளே இருக்கும் தாய்மார்கள் துணி அலச அங்கே வருவார்கள். அதற்கு இந்தப் பக்கம் செம்பருத்தி வைத்த கம்பி வேலி. வேலியோரம் நின்றால் பத்தடி தூரத்தில் பேசலாம். வாசல் காத்த ஜாகா நல்ல மனிதர். கண்டும் காணாமல் இருந்துவிட்டார். அன்று பிற்பகல் அக்கா துணி வாளியோடு வந்தாள்.

"போத்தலை வாயில வெச்சா துப்புது தங்கச்சி. டின் பாலு. பார்லித் தண்ணியில கலக்கித் தர்றாங்க. ரெண்டு சொட்டு உள்ள போனா நாலு சொட்டு வெளியே வருது" என்றாள். "மிஸ்ஸி என்னையே குடுக்கச் சொல்றா. வத்திப்போச்சுன்னு சொல்லிட்டேன். ஒரு மாதிரியாப் பாக்குறா."

என் மனைவி முந்தானையை இழுத்து மாரை மூடினாள். ரவிக்கை முன்பக்கம் நனைந்து, அதன் மேல் முந்தானையும் நனைந்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் மார் கட்டிக் கல்லாகி, அவளுக்கே காய்ச்சல் அடித்தது. தரையில் பீச்சினால் எறும்பு மொய்க்கும், எறும்பு தின்றால் பால் வற்றிவிடும் என்று சொல்லி, வேலியடியில் குனிந்து ஓடுகிற சாக்கடைத் தண்ணீரில் பீச்சிவிட்டாள். வலையின் அந்தப் பக்கம் குழந்தை பசியில் கிடந்தது. இந்தப் பக்கம் அதன் பால் சாக்கடையில் போயிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டு ஆண்பிள்ளை என்று நின்றேன்.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்து பாலாடையை எடுத்துக்கொண்டு வந்தாள். மறைவாக உட்கார்ந்து அதில் பாலைப் பீச்சி நிரப்பினாள். வார்டைக் கூட்டுகிற தமிழ் அம்மாள் ஒருத்தியிடம் நான் கையைக் கூப்பிக் கெஞ்சினேன். அவள் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோனாள். அரை மணி நேரம் கழித்து அக்கா குழாயடிக்கு வந்தாள். கையில் வெறும் பாலாடை.

"வாயில வெக்கப் போறப்போ மிஸ்ஸி பாத்துட்டா. யார் பாலுன்னு கேட்டா. நான் என்னன்னு சொல்ல? பேசாம நின்னேன். என் கண்ணு முன்னாலயே தொட்டியில ஊத்திட்டா."

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் மூளை அப்போது ஒரு வேலை செய்தது. அந்த மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும். நேராக மேசைக்குப் போய், "எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் பால் இருக்கிறது. அவளை உள்ளே விடுங்கள், கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்" என்றேன். என் மனைவியைத்தான் சொன்னேன். கட்டிய மனைவியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணாக்கிவிட்டேன். மிஸ்ஸி பொறுமையாகத்தான் கேட்டாள்.

"பால் இருந்தால் அவளுக்கும் ஒரு குழந்தை இருக்குமே. அந்தக் குழந்தை எங்கே?" என்றாள். "இந்த நோயைத் தொட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனால், அந்தக் குழந்தைக்கும் வரும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொல்லச் சொல்கிறாயா?"

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் வெளியே வந்தேன்.

அன்று நாலு மணி வெயிலில் வேலியோரம் நாங்கள் சண்டை போட்டோம்.

"நான் போய்ச் சொல்லிடுறேன்" என்றேன்.

"என்னன்னு?"

"நம்ம பிள்ளைன்னு."

முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் எட்டி என் வாயைப் பொத்தினாள். அந்தக் கை பால் வாசம் அடித்தது.

"வாயால சொல்லாதீங்க. ரெண்டையும் சொல்லிச் சொல்லித்தானே குடுத்தோம். 'என் ராசா, என் ராசா'ன்னு நாளெல்லாம் சொல்லிக்கிட்டே கெடந்தேன்ல. கேட்டுட்டு வந்து எடுத்துக்கிட்டுப் போச்சுல்ல."

"பால் இல்லாமச் செத்துரும்."

"அக்கா கை ராசியான கை. அது காப்பாத்தும்."

"ராசியைப் பாலாடையில ஊத்திக் குடுக்க முடியுமா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழவில்லை. என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கத்தினேனே தவிர, உள்ளே போகவும் இல்லை. அவள் தடுத்ததால் போகவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. பட்டணத்தில் அப்போது பெண் குழந்தைகளைக் காசுக்கு வாங்கி விற்பவர்கள் இருந்தார்கள். சர்க்கார் அவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்கார அம்மாளிடம் போய், பெற்ற பெண்ணைத் தவிட்டுக்குக் கொடுத்தோம் என்று நான் எந்த ஆங்கிலத்தில் சொல்வது? போலீசைக் கூப்பிட்டால்? சிரித்தால்? பிள்ளை சாகக் கிடக்கும்போது, அவள் சிரித்துவிடுவாளோ என்றும் பயந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் கிட்டங்கிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். வேலியோரம் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அதனால் போனேன். தராசில் ஏற்றிய மூட்டையை இறக்கச் சொல்ல மறந்து, அதையே மறுபடி மறுபடி எழுதினேன். கூலியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி தவுக்கே வந்து பென்சிலை என் கையிலிருந்து எடுத்தார். அதட்டுவார் என்று நினைத்தேன்.

"அனாக் சாக்கித்?" என்று மெதுவாகக் கேட்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று.

தலையை ஆட்டினேன். 

"பெர்கிலா" என்று வாசலைக் காட்டினார். ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் டிரஸ்ஸர் என்னைப் பிடித்து நிறுத்தினார். தமிழர், வேதக்காரர், கையில் எப்போதும் துண்டோடு இருப்பார். டாக்டருக்கும் தாய்மார்களுக்கும் இடையே பேச்சை மாற்றிச் சொல்கிறவர் அவர்தான்.

"காலையில டாக்டர் பாத்தாரு. உச்சிக்குழி பள்ளமாயிருச்சு. தோலுக்கு அடியில உப்புத்தண்ணி ஏத்தியிருக்கு" என்றார். "தாய்ப்பால் இருந்தா ஒரு வழி இருக்குன்றாரு. அந்த அம்மாவுக்குத்தான் இல்லையே. என்ன பண்றது. நீங்க மனசைத் திடப்படுத்திக்குங்க அண்ணே."

நான் வேலியோரம் போனபோது குழாயடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் வாளி இல்லை, துணி இல்லை. என்னைப் பார்க்கவில்லை; என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தங்கச்சி, இனிமே என்னால முடியாது. நேத்துவரைக்கும் அழுதுச்சு. இப்ப வாயைத் தொறக்குது, சத்தம் வரல. என் மாருல முட்டி முட்டித் தேடுது. ஒண்ணும் இல்ல. அப்புறம் அப்படியே என் மூஞ்சியைப் பாக்குது."

சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு பெற்று நாலையும் வளர்த்தவள், பிள்ளைக்குப் பசி என்று கேட்டுப் பொறுக்காதவள். மூன்று நாளாக மிஸ்ஸியிடம் 'நீயும் ஒரு தாயா' என்ற பார்வையை வாங்கிக்கொண்டு, எங்களுக்குக் கொடுத்த வாக்குக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அவளுக்குச் செய்தது சாதாரணப் பாவம் இல்லை.

என் மனைவி முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான் அவளைக் கேட்கவில்லை. உள்ளே போனேன்.

பெரிய மிஸ்ஸி ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு பிள்ளை போனதை, முறத்தை, தவிட்டை, நான் பொய்ப் பெயர் சொன்னதை, மனைவியைப் பக்கத்து வீட்டுக்காரியாக்கியதை. ஆங்கிலம் பாதியில் காலை வாரிவிட, டிரஸ்ஸரைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னேன். அவர் சொல்லி முடித்து, "இவங்க ஜனங்கள்ல அப்படி ஒரு வழக்கம் உண்டு" என்று தன் பங்குக்கும் சேர்த்துச் சொன்னார். பெரிய மிஸ்ஸி சிரிக்கவில்லை. போலீசையும் கூப்பிடவில்லை.

"முதல் நாள் உள்ளே இருப்பவள் தாய் என்றாய். நேற்றுப் பக்கத்து வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்றாய். இன்றைக்கு அவள்தான் தாய் என்கிறாய். நாளைக்கு யாரைக் கொண்டுவருவாய்?" என்றாள். "கையில் ஏதாவது அத்தாட்சி உண்டா?"

உண்டு. குழந்தை பிறந்த வாரம் பிறப்புப் பதிவுக்குப் போனபோது, தவிட்டுக்குக் கொடுப்பதாக அப்போதே பேச்சு இருந்தும், சர்க்கார் காகிதத்தில் பொய் எழுதப் பயந்து எங்கள் பெயர்களையே கொடுத்திருந்தேன். தவிடு வாங்கிய பிறகு அந்தக் காகிதத்தைத் தகரப் பெட்டியின் அடியில், என் பழைய சட்டைகளுக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் பறந்து, பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். பெரிய மிஸ்ஸி அதைப் படித்தாள்.

"இந்தப் பெயருள்ள பெண் இங்கே வரட்டும். தன் வாயால் சொல்லட்டும். சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்தால், உள்ளே போகலாம்."

வேலியோரம் ஓடி, காகிதத்தை மனைவி முன்னால் விரித்தேன்.

"பாரு. அஞ்சு மாசமா சர்க்கார் காகிதத்துல உன் பேருதான் இருக்கு. தாயின்னு போட்டிருக்கு. நீ பயந்த மாதிரி ஏதாச்சும் ஆச்சா? நல்லாத்தானே இருந்துச்சு? எழுதினதுக்கே ஒண்ணும் ஆகலையே, சொன்னா என்ன ஆயிரும்?"

ஓடி வந்த மூச்சிரைப்போடு இதைச் சொன்னேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "இதுல எது என் பேரு?" என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"எழுதிட்டீங்களா" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு எழுந்தாள். அவிழ்ந்த கூந்தலை முடியவில்லை. எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். அந்த நேரத்திலும், என் பேச்சுக்கு அவள் மசிந்துவிட்டாள் என்று மனசின் ஒரு மூலையில் எனக்குப் பெருமையாக இருந்தது.

பெரிய மிஸ்ஸி கேட்டதை டிரஸ்ஸர் தமிழில் கேட்டார்: "அம்மா, உள்ள இருக்கிற அந்தப் பேபி யாரு பிள்ளை?"

டிரஸ்ஸர் இன்னொரு தடவை கேட்டார். நான் ஏதோ சொல்லப் போனேன். பெரிய மிஸ்ஸி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"என் பிள்ளை" என்றாள் என் மனைவி.

மெல்லிய குரல் அவளுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவைக் கூப்பிடுவதுகூட அடங்கித்தான் கூப்பிடுவாள். இதை அவள் சொன்ன சத்தத்தில், வெளிப் பெஞ்சில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பெத்தது. என் பிள்ளை. என் பிள்ளை."

கைநாட்டை வைத்தாள். நனைந்து உடம்போடு ஒட்டியிருந்த அவள் ரவிக்கையைப் பெரிய மிஸ்ஸி ஒரு தடவை பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தானே எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவு வழியாக அக்கா வெளியே வந்தாள். மூன்று நாள் பிள்ளையைச் சுமந்திருந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், மார்பில் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடிக்கல தம்பி. உறிஞ்சத் தெம்பில்ல. பிழிஞ்சு பிழிஞ்சு வாயில விடுறா. உதட்டோரமா வழியுது" என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம், இனிமேல் பிழைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்று முழுதும் அதே நிலை. மறுநாளும் அதே நிலை. குழாயடிக்கு என் மனைவி வருவதே இல்லை. கூட்டுகிற அம்மாளைக் கேட்டால், "கெடக்கு" என்பாள். அந்த ஒரு வார்த்தைதான். நான் வேலியை விட்டு நகரவில்லை. தண்ணீர்மலை எந்தத் திசை என்று பார்த்து, அந்தத் திசையில் நின்று கும்பிட்டேன். முருகனைத் திட்டினேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பிள்ளைகளைப் புதைத்த இடம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அதன் பக்கத்தில் எவ்வளவு இடம் பாக்கி இருக்கிறது என்று என் மனம் அளந்தது. நிறுத்து என்று அதட்டினாலும் நிற்கவில்லை. ஏன் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தாய் என்று யாராவது வந்து என்னைக் கன்னத்தில் அறைந்தால் தேவலை என்று இருந்தது. யாரும் வரவில்லை. அக்கா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கு அடுத்த நாள் காலை, டிரஸ்ஸர் துண்டை உதறிக்கொண்டே வேலிப் பக்கம் வந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் அந்தத் துண்டையே பார்த்தேன்.

"அண்ணே, பேபி மூத்திரம் போயிருச்சு" என்றார். "நல்லாவே போயிருக்கு. தண்ணி உடம்புல தங்குது. டாக்டர் சிரிக்கிறாரு."

பிள்ளை மூத்திரம் போன செய்திக்கு வேலியோரம் நின்று வாய்விட்டு அழுதவன் இந்தப் பட்டணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஜாகா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு நாளுக்கு நாள் தேறியது. பாலாடை போய் மார்பில் குடிக்க ஆரம்பித்தது. வலை போட்ட வார்டிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். நான் கிட்டங்கிக்குப் போனேன். தவுக்கேயிடமும் கூலியாட்களிடமும், அக்காவின் புருஷனிடமும், காகிதத்தைக் காட்டி எப்படி என் மனைவிக்குப் புத்தி சொன்னேன் என்பதை விவரமாகச் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நான் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரனாக ஆகிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு விடுவதற்கு முந்தின நாள் பிற்பகல், அவளோடு வராந்தா பெஞ்சில் உட்கார என்னை அனுமதித்தார்கள். குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் காலை உதைத்தது. பலகைச் சுவரைத் தட்டி யாரையும் கேட்காமல், அவள் அதன் உச்சியைத் தடவிக்கொண்டிருந்தாள். பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாதே.

"பாத்தியா, அன்னைக்கு நான் சொன்னதைக் கேட்டே. கேட்டதாலதானே இன்னைக்கு இப்படி உக்காந்திருக்கோம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க சொன்னதுக்காக நான் போகல."

"பின்னே?"

"அது போயிரும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூஞ்சியைப் பாக்குதுன்னு அக்கா சொன்னாங்கல்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு. பால் குடுத்தாப் பொழைக்கும்னெல்லாம் நான் நெனைக்கல. நான் என் பிள்ளைன்னு சொன்னா அன்னைக்கே போயிரும்னுதான் நெனைச்சேன்."

"தெரிஞ்சுமா சொன்னே?"

"யாரோ பிள்ளையாப் போக வேணாம்னு இருந்துச்சு. செத்தா என் மடியில, என் பிள்ளையாச் சாகட்டும்னுதான் போனேன்."

அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, குழந்தையின் வாயோரத்தைத் துடைத்து, அதை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு காகிதத்தின் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை.